சின்னப்பாலத்துப் பாசிக்கார அக்காமார்

ராமேஸ்வரம் தீவு தன் பெரியவர்களை மறக்காத ஊர். பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. சிகாகோ போய்வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய குந்துகாலில் அவருக்கும் ஒரு மண்டபம் இருக்கிறது. இரண்டுக்கும் போனேன், மனம் நிறைந்துதான் திரும்பினேன். ஆனால் ஊருக்கு வந்த பிறகும் நான் நினைத்துக்கொண்டே இருப்பது குந்துகாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்னப்பாலத்துப் பெண்களைத்தான்.

கடலில் முங்கிப் பாசி எடுப்பது இவர்கள் வேலை. நோன்புக் காலத்தில் கீழக்கரைப் பக்கம் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடல்பாசி செய்வார்கள் இல்லையா, அதற்கு வேண்டிய அகர் அகர் இந்த மாதிரிப் பாசியிலிருந்துதான் கிடைக்கிறது. ஆய்வுக்கூடங்களில் நோய்க்கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டிலும் அகர்தான் ஊற்றியிருக்கும். நமக்கு வந்த காய்ச்சலுக்கு எந்த மருந்து கேட்கும் என்று டாக்டர் தெரிந்துகொள்வதற்குப் பின்னால், எங்கோ ஒரு கடலில் யாரோ ஒருவர் முங்கி எழுந்திருக்கிறார்.

காலையில் கரைக்குப் போனபோது அவர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டை. பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். ஒரு கையைத் தானே கட்டிக்கொள்ளலாம், மறு கைக்குப் பக்கத்தில் இருப்பவர் வேண்டும். ஒருவர் பல்லால் முடிச்சை இழுக்க, இன்னொருவர் விரலை நீட்டிக்கொண்டு நேற்று வீட்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு வலைப்பை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. வேறு எதுவும் இல்லை. காற்றுக் குழாய், சிலிண்டர் என்ற பேச்சே கிடையாது. தம் கட்டி முங்க வேண்டும், பாரில், அதாவது கடலடிப் பாறையில், கைவைத்துப் பாசியைக் கிள்ள வேண்டும், மூச்சு முடியும்போது மேலே வர வேண்டும். திரும்பவும் முங்க வேண்டும். மணிக்கணக்கில் இதேதான்.

மதியம் திரும்பி வந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். கட்டை அவிழ்த்த விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. துணியையும் மீறி நகத்தோரத்தில் கீறல்கள்.

"யாருக்கா சொல்லிக்கொடுத்தாங்க?"

"யாரு சொல்லிக்கொடுக்க? சின்னப் புள்ளையில அம்மா கூட வந்து பார்த்துப் பழகினதுதான்."

"நல்லா இருக்கிற இடமாப் பார்த்து மொத்தமா எடுத்துட முடியாதா?"

"வேரோட பிடுங்கினா அடுத்த தடவை எங்கே போறது, தங்கச்சி? கையாலதான் கிள்ளுவோம். அடி அப்படியே இருக்கணும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாயின. அப்புறம் கெடுபிடி வந்தது. அம்மாவும் அப்பத்தாவும் பாசி எடுத்த இடத்துக்கே போகக் கூடாது என்றார்கள். மீன் பிடிக்கும் ஆண்களை மீனவர் என்பார்கள், கடலில் முங்கும் பெண்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே வெகு காலம் யோசித்தார்கள். கோபப்பட எல்லா நியாயமும் இருந்த இந்தப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது. பாசி வளரும் காலத்தில் 45 நாள் கையே வைக்காமல் இருப்பது. கடலுக்குப் போகாத நாளில் இவர்களுக்குக் கூலி கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இயற்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற நமக்கு, வருமானத்தில் பாதியை விடச் சொன்னால் மனசு வருமா? எனக்கு வராது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இவர்களைப் பெரிய மனிதர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

கவனித்தவர்களும் இருக்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு, இந்தப் பெண்களைத் திரட்டி நின்றதற்காக 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் விருது அது. அமெரிக்காவில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கார் பிடித்து ஓடுகிற நமக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

ராமேஸ்வரம் போகிறவர்கள், பாம்பன் பாலத்தில் படம் எடுத்த கையோடு குந்துகாலுக்கு வண்டியைத் திருப்புங்கள். சின்னப்பாலம் பக்கத்தில்தான். வழியில் பாசி காயப்போட்டிருந்தால் சுற்றிப் போங்கள், அது ஒரு வீட்டின் அன்றைய வருமானம். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கூட வரும் பிள்ளைகளிடம் இந்த அக்காமாரைக் காட்டி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விளக்கிச் சொல்லுங்கள். காலையில் போனால் அவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். மதியத்துக்கு மேல் போனால் உட்கார்ந்து பேசலாம்.