கண்டிக்கு அனுப்பினால் அவ்வளவுதானா? ஆஸ்பத்திரிச் சாவுக் கணக்கை எப்படி வாசிப்பது

"கண்டிக்கு ட்ரான்ஸ்பர் பண்ணிட்டாங்கன்னா அவ்வளவுதான்" என்று மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பேசுவார்கள். புள்ளிவிவரத்தைத் திறந்தாலும் அப்படித்தான் படும். பெரியாஸ்பத்திரியில் சாவு வீதம் கூட, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் குறைவு. ஆனால் அந்த எண் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் பயம் கொஞ்சம் தெளியும்.

அரச ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கட், அதாவது அவருடைய நோய்க்குறிப்புத் தாள். அவர் வாட்டை விட்டுப் போகும்போது டிக்கட் மூடப்பட்டு, என்ன நோய், உயிரோடு போனாரா, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டாரா, இறந்தாரா என்று பதிவாகும். சுகாதார அமைச்சின் வருடாந்தப் புள்ளிவிவர அறிக்கையில் வருவது இந்த டிக்கட்டுகளின் கூட்டல்தான். டிக்கோயாவில் அனுமதித்து, நுவரெலியாவுக்கு அனுப்பி, அங்கிருந்து கண்டிக்குப் போய் ஒருவர் இறந்தால் கணக்கில் அவர் மூன்று அனுமதி, ஒரு மரணம். மரணம் கண்டியின் தலையில். முதல் இரண்டு ஆஸ்பத்திரிகளின் பக்கம் சுத்தமாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் "உசுரோட வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்று குடும்பம் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனவரும் உயிரோடு வெளியேறியவர் பட்டியலில்தான் சேர்வார்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். சின்ன ஆஸ்பத்திரிக்கு 1,000 பேர் வருகிறார்கள்: 900 பேருக்கு லேசான நோய், 100 பேருக்குக் கடுமையான நோய். லேசானவர்களில் 9 பேரும் கடுமையானவர்களில் 20 பேரும் இறக்கிறார்கள். மொத்தம் 29, அதாவது 2.9 சதவீதம். பெரிய ஆஸ்பத்திரிக்கும் 1,000 பேர். ஆனால் 400 பேர் லேசு, 600 பேர் கடுமை. இறந்தவர்கள் 2 பேரும் 90 பேரும். மொத்தம் 92, அதாவது 9.2 சதவீதம். மூன்று மடங்கு மோசம் போலத் தெரிகிறதல்லவா? பிரித்துப் பாருங்கள். லேசானவர்களில் சின்ன இடத்தில் நூற்றுக்கு 1, பெரிய இடத்தில் 0.5. கடுமையானவர்களில் இங்கே 20, அங்கே 15. இரண்டு வகை நோயாளிக்கும் பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது.

இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான் 'எதிர்பார்த்த மரணம்' என்ற கணக்கு. பெரிய ஆஸ்பத்திரியின் நோயாளிகள் சின்ன ஆஸ்பத்திரியின் வீதத்தில் இறந்திருந்தால் 4 + 120 = 124 பேர் இறந்திருக்க வேண்டும். உண்மையில் இறந்தது 92. 92-ஐ 124-ஆல் வகுத்தால் 0.74. ஒன்றுக்குக் கீழே என்றால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இங்கிலாந்து தன் ஆஸ்பத்திரிகளுக்கு இதே அடிப்படையில் கணக்குப் போட்டு வெளியிடுகிறது. அங்கே வீட்டுக்குப் போய் 30 நாளுக்குள் இறந்தவரும் சேர்க்கப்படுவார். வயது, நோய், கூடவே உள்ள வேறு நோய்கள் எல்லாம் கணக்கில் வரும். நம் வருடாந்த அறிக்கையின் அட்டவணைகள் வெறும் கூட்டல் கணக்கு. அதை வைத்து ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துவது வீண் வேலை.

கீழே போட்டு வகுக்கும் எண் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1863-இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட அட்டவணையில் லண்டன் ஆஸ்பத்திரிகளின் சாவு வீதம் 90 சதவீதத்துக்கு மேல்! ஒரு வருட மரணங்களை, ஒரே ஒரு நாளில் கட்டிலில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அப்போதே சண்டை வந்தது.

எண் சின்னதாக இருந்தால் வேறொரு பொறி. இலங்கையில் தாய் மரணம் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குச் சுமார் 30. வருடத்துக்கு 2,000 பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் அந்த வீதப்படி எதிர்பார்ப்பது 0.6 மரணம். ஒரு தாய் இறந்தாலே வீதம் 50 ஆகிவிடும், இருவர் என்றால் 100. ஒருவரும் இறக்காத வருடம் 0. மூன்று எண்ணும் ஒரே தரமான ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து வரலாம். அதனால்தான் தாய் மரணத்தில் வீதத்தோடு நிற்காமல் ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். அந்த வேலையை நாட்டளவில் குடும்ப சுகாதாரப் பணியகம் நடத்துகிறது.

தனியார் ஆஸ்பத்திரி விளம்பரத்தில் "இந்த ஒப்பரேஷனில் ஒரு மரணமும் இல்லை" என்று கண்டால் எத்தனை ஒப்பரேஷன் என்று கேளுங்கள். சுலபமான வழி: 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுக்கவும். 300 பேருக்குச் செய்து ஒருவரும் இறக்கவில்லை என்றால் உண்மையான ஆபத்து 1 சதவீதம் வரைகூட இருக்கலாம். 30 பேர் மட்டுமே என்றால் 10 சதவீதம் வரை.

காயத் தொற்று எண்ணில் கவனமாகத் தேடுகிறவனுக்குத்தான் நிறையத் தொற்று அகப்பட்டுக் கெட்ட பெயர். சத்திரசிகிச்சைக் காயத்தை 30 நாள் வரை கவனிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். மூன்றாம் நாள் டயக்னோசிஸ் காட்டை (வெளியேறும்போது தரும் நோய்க்குறிப்பு அட்டை) கொடுத்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பத்தாம் நாள் சீழ் வைப்பது தோட்ட டிஸ்பென்சரியில்தான் தெரியும். ஒப்பரேஷன் செய்த இடத்துக்குச் செய்தி போகாது. தொற்றே இல்லை என்று சொல்லும் ஆஸ்பத்திரியிடம், வீட்டுக்குப் போனவர்களை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு உதவக்கூடியவை செய்முறை அளவுகள்தான் என்பேன்: எத்தனை பேர் இறந்தார்கள் என்பதல்ல, செய்ய வேண்டியதை நேரத்துக்குச் செய்தார்களா என்ற எண்கள். மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசீஜி எடுக்க வேண்டும். அடைப்பு உறுதியானபின் 120 நிமிடத்துக்குள் குழாய் விட்டுத் திறக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை தொடங்க முடியாவிட்டால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே ஏற்ற வேண்டும்; அந்த மருந்து ஏற்றக்கூடாத காரணம் உள்ளவருக்கு மட்டும் விலக்கு. மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு மலைப்பாதையிலேயே அந்த 120 நிமிடம் கரைந்துவிடும். ஆகவே ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவில் உட்காருகிறவர்கள் கேட்க வேண்டியவை மூன்று: போன மாதம் நெஞ்சு வலியோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு 10 நிமிடத்தில் ஈசீஜி எடுத்தீர்கள், கட்டி கரைக்கும் மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இல்லை, வாசலில் இறங்கியதிலிருந்து ஊசி ஏறும்வரை எத்தனை நிமிடம்.