பிரஷர் 105 தான், பிறகு எதற்கு பிரஷர் மாத்திரை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் 'ஹார்ட் வீக்' என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். திரும்பி வரும்போது கையில் ஒரு பை நிறைய மாத்திரை. மகன் வாங்கித் தந்த மெஷினில் கையைக் கொடுத்துப் பார்த்தால் 105/65. "பிரஷர்தான் இறங்கிப் போச்சே, இன்னும் எதுக்கு பிரஷர் மாத்திரை?" என்று பிசோப்ரோலோலையும் பெரிண்டோப்ரிலையும் ஒதுக்கிவிடுவார். தண்ணி மாத்திரையை (ஃபுருசமைட்) மட்டும் விடமாட்டார். போட்டால் கால் வீக்கம் வற்றுவது கண்ணுக்குத் தெரிகிறதே. கணக்கு தலைகீழாகிவிட்டது. ஆயுளைக் கூட்டுபவை அவர் ஒதுக்கிய இரண்டும்தான். தண்ணி மாத்திரை மூச்சுத் திணறலையும் வீக்கத்தையும் குறைக்கும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ரத்தக் கொதிப்பு மட்டும் உள்ளவருக்கு மருந்தின் வேலை எண்ணை இறக்குவது. கிளினிக்கில் 140/90-க்குக் கீழே, சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் அதைவிடக் கொஞ்சம் கீழே. எண் இறங்கிவிட்டால் டோஸை அங்கேயே நிறுத்தி, அதே அளவில் தொடர்வார்கள். இதயம் பலவீனமானவருக்கு அதே மாத்திரைதான், ஆனால் வேலை வேறு. இதயம் போதிய ரத்தத்தைத் தள்ளாதபோது உடம்பு பதறி அட்ரினலின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டெரோன் என்ற சுரப்புகளை ஓயாமல் ஊற்றுகிறது. ரத்தக் குழாய் சுருங்குகிறது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, நாடி வேகமாகிறது. இரண்டு நாளைக்கு அது உதவி. மாதக்கணக்கில் நீடித்தால் இதயத் தசை விரிந்து, தழும்பேறி, இன்னும் பலவீனமாகிறது. இந்தச் சுரப்புகளின் கையைக் கட்டத்தான் மாத்திரை. அதனால்தான் 105 இருந்தாலும், தலைசுற்றல் இல்லையென்றால், டாக்டர் டோஸை ஏற்றவே பார்ப்பார்.

எக்கோ ஸ்கேனில் இதயத்தின் தள்ளும் திறன் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் இன்று நான்கு வகை மருந்து சேர்ந்து வரும். ஒன்று, பெரிண்டோப்ரில் அல்லது எனலாப்ரில். இருமல் வந்தால் லோசார்டான், வால்சார்டான். வசதிப்பட்டால் சக்குபிட்ரில்-வால்சார்டான் கூட்டு மாத்திரை. இரண்டு, பிசோப்ரோலோல் அல்லது கார்விடிலோல். மூன்று, ஸ்பைரோனோலேக்டோன். நான்கு, டபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின், 10 மி.கி. தினம் ஒன்று. கடைசி வகை சர்க்கரை நோய்க்கு வந்த மருந்து என்பதால் 'எனக்கு இனிப்பு நீர் இல்லையே' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை இல்லாதவருக்கும் இதயத்துக்குப் பலன் உண்டென்று 2019-இல் வந்த டாபா-ஹெச்எஃப் ஆய்வு காட்டிவிட்டது. இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் அந்தரங்கப் பகுதியில் பூஞ்சை அரிப்பு வரலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் ஒரு களிம்பில் முடியும் விஷயம்.

பிசோப்ரோலோலை 1.25 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது 2 வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக 10 வரை ஏற்றுவார்கள். கார்விடிலோல் 3.125 மி.கி. இரண்டு வேளையில் தொடங்கி 25 வரை போகும். அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சட்டென்று பிரஷரை இறக்கிவிடும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் சில நாள் அசதி இருக்கும். நிறையப் பேர் அந்த நாட்களில்தான் மருந்தை விட்டுவிடுகிறார்கள். விடுவது ஒரு தப்பு, திடீரென்று விடுவது இன்னொரு தப்பு; அடக்கி வைத்த அட்ரினலின் ஒரேயடியாகப் பாய்ந்து நாடி எகிறும், நெஞ்சு வலியும் வரலாம். நாடி 50-க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ, எடை ஏறி மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் போய்க் குறைக்க வேண்டும்.

பெரிண்டோப்ரிலை உணவுக்கு முன் போடுவது நல்லது. தொண்டையில் பூச்சி ஊர்வதுபோல வறட்டு இருமல் வந்தால் அது சளி இல்லை. இருமல் சிரப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தாலும் போகாது. மருந்தை மாற்றினால்தான் போகும், அதுவும் சில வாரம் எடுக்கும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மறுபேச்சு இல்லாமல் அவசரப் பிரிவு, பிறகு அந்த வகை மருந்து ஆயுசுக்கும் வேண்டாம். இங்கே ஒரு ஆபத்தான குழப்பம் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் சக்குபிட்ரில் கூட்டு மாத்திரைக்கு மாற்றியிருப்பார்கள். வீட்டில் பழைய பெரிண்டோப்ரில் பாக்கி இருக்கும், அல்லது கிளினிக்கின் பழைய பட்டியலில் அது நீக்கப்படாமல் தொடரும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அந்த வீக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்க 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். பழைய பாக்கியை 'வீணாக்க வேண்டாம்' என்று முடித்துவிட்டுப் புதிதைத் தொடங்கும் சிக்கனம் இந்த இடத்தில் ஆகாது.

இதே மாதிரி இரட்டை டோஸ் இன்னொரு வழியிலும் வரும். அரசாங்கக் கிளினிக்கில் பெரிண்டோப்ரில் 4 மி.கி., தனியார் டாக்டரிடம் கவர்சில் 5 மி.கி. பெட்டி வேறு, எண் வேறு, மருந்து ஒன்றுதான். உப்பு வகை மாறுவதால் இந்த 4-ம் அந்த 5-ம் சமம். அம்லோடிபினும் நார்வாஸ்க்கும்கூட ஒரே மருந்துதான். எங்கே போனாலும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் ஃபார்மசி கவுண்டரில் கொட்டிக் காட்டுங்கள்.

அம்லோடிபின் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கணுக்கால் வீக்கத்தில் பாதிக் குழப்பம் அதனால். இந்த மருந்து சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அழுத்தம் தாங்காமல் நீர் வெளியே கசிந்து கணுக்காலில் நிற்கிறது. உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை. தண்ணி மாத்திரையைக் கூட்டினால் வீக்கம் பெரிதாகக் குறையாது. சிறுநீரகமும் பொட்டாசியமும்தான் அடிவாங்கும். 10 மி.கி.யை 5 ஆக்குவது, அல்லது பெரிண்டோப்ரில் வகையைச் சேர்ப்பதுதான் வழி. இதயம் வீக்கான ஒருவருக்குக் கால் வீங்கினால் எது காரணம் என்று எடைதான் சொல்லும். எடை ஏறாமல் மாலையில் மட்டும் கணுக்கால் வீங்கினால் அம்லோடிபினைச் சந்தேகிக்கலாம். எடையும் ஏறி, தலையணை இரண்டு மூன்று கேட்டால் அது இதயம்.

ஆகவே தராசு. விலை குறைந்த டிஜிட்டல் தராசே போதும். காலையில் எழுந்து, சிறுநீர் போய்விட்டு, பசியாறுவதற்கு முன், அதே தராசில் ஏறி, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும், அல்லது டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி ஃபுருசமைட் ஒன்று கூடுதலாகப் போடவேண்டும். மூச்சு திணறும்வரை காத்திருந்தால் மறுபடியும் வார்டுதான்.

ஃபுருசமைட் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை காட்டும், அடிக்கடி சிறுநீர் வரும், ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீடிக்கும். லேபிளில் காலை என்று இருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், செம்பனைக் காட்டில் குலை வெட்டும் மனிதர் அதைக் காலையில் போட்டால் அன்றைய வேலை நடக்குமா? நடக்காது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுகிறார். காலைதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு 2 மணிக்குப் போடலாம், இரவு தூக்கம் கெடாது. ஈப்போவுக்குப் பஸ் ஏறும் நாளிலும் அப்படியே தள்ளிப் போடலாம். தள்ளிப் போடுவது வேறு, விடுவது வேறு. இரண்டாவது டோஸ் இருந்தாலும் மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம்.

தலைசுற்றினால் எதைக் குறைப்பது என்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் இதயத்துக்குப் பலன் தராமல் பிரஷரை மட்டும் இறக்குபவை: அம்லோடிபின், பிராசோசின், புரோஸ்டேட்டுக்குப் போடும் சில மாத்திரைகள். அடுத்து, உடம்பு வற்றிப் போயிருந்தால் ஃபுருசமைட். அப்புறம் நேரத்தைப் பிரிப்பது, எல்லாவற்றையும் காலையில் அள்ளிப் போடாமல் ஒன்றை இரவுக்கு மாற்றலாம். முன்பு சொன்ன அந்த நான்கு வகையில் கை வைப்பது கடைசியில்தான். இதைச் செய்ய வேண்டியவர் டாக்டர். ஆனால் 'எனக்கு இன்னும் பிராசோசின் போகிறதே, தேவையா?' என்று கேட்பது உங்கள் உரிமை. டில்டியாசம், வெராபமில் இரண்டும் பலவீனமான இதயத்தை மேலும் தளர்த்தும், பழைய பட்டியலில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

ஸ்பைரோனோலேக்டோன் 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்கும். 1999-இல் வந்த ரேல்ஸ் ஆய்வில் கடுமையான இதயப் பலவீனம் உள்ளவர்களின் மரணத்தை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்த மருந்து இது. மலிவானது, ஆனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் போடக்கூடாதது. பெரிண்டோப்ரிலோடு சேரும்போது பொட்டாசியம் ஏறும். தொடங்கி ஒரு வாரத்திலும் நான்காவது வாரத்திலும் பார்ப்பார்கள், 5.5-ஐத் தாண்டினால் டோஸ் பாதி, 6.0-ஐத் தாண்டினால் நிறுத்தம். 'இரத்தம் எடுக்கத்தானே' என்று அந்தத் தேதியை விடாதீர்கள். தினம் இளநீர் குடிப்பதும், 'குறைந்த சோடியம் உப்பு' என்று பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை வாங்குவதும் இவர்களுக்கு வேண்டாம். சிறுநீரகம் கெட்டவர்கள் ஸ்டார் பழத்தைத் தொடவே கூடாது. ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கினால் அது இந்த மாத்திரை; மாற்று மருந்து உண்டு.

வலி மாத்திரைதான் இந்த ஊர்களில் பெரிய எதிரி. சுளுக்கு, தோள் வலி, மூட்டு வலி என்று பொன்ஸ்தான், டிக்ளோஃபெனாக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது. அவை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும். பெரிண்டோப்ரில், தண்ணி மாத்திரை இரண்டோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைச் சில நாளில் முடக்கிவிடும். பனடோல் போதும். 'உடம்பு வலிக்கு இயற்கை மருந்து' என்று வரும் ஜாமு குளிகை ஒரே நாளில் வலியைப் போக்கினால் சந்தோஷப்படாதீர்கள்; சுகாதார அமைச்சு இத்தகைய பொருட்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதுவும் நீரைப் பிடித்து வைக்கும். மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாததை வாங்காதீர்கள். ஆண்மைக் கோப்பிப் பாக்கெட்டும் இதே கதை, சில்டெனாஃபில் வகை கலந்து பிடிபட்டவை உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருக்கும் இதய நோயாளி அதைக் குடித்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், எல்லாம் சேர்த்து. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், பெலாச்சான், கிச்சாப் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மேகி மீ பாக்கெட்டில் மசாலாத் தூளை முழுசாகக் கொட்டினால் அன்றைய உப்பில் பாதி அங்கேயே காலி.

மெஷினில் பார்க்கும் முறையும் தப்பாகவே நடக்கிறது. மேல்கைப் பட்டை வேண்டும், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். கோப்பி, சிகரெட் இல்லாமல் அரை மணி. சாய்ந்து உட்கார்ந்து 5 நிமிடம். கால் மேல் கால் போடாமல், பேசாமல், கை நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. கிளினிக் தேதிக்கு முந்தைய 7 நாள் காலை மாத்திரைக்கு முன்னும் இரவும் பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதின் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-ஐத் தாண்டினால்தான் அதிகம். ரத்தம் கொடுக்கப் பட்டினியாகப் போகும் நாளில் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருபவர்கள் பலர். எண் ஏறி நிற்கும், டாக்டர் டோஸைக் கூட்டிவிடுவார். பட்டினி என்றாலும் பச்சைத் தண்ணீரில் பிரஷர் மாத்திரையைப் போடலாம். சாப்பாட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியது கார்விடிலோலும் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும்.

மறு எக்கோவில் தள்ளும் திறன் 25 சதவீதத்திலிருந்து 50 ஆகிவிட்டது என்றால் நல்ல செய்தி. குணமாகிவிட்டது என்று நிறுத்தலாமா? ட்ரெட்-ஹெச்எஃப் என்ற சிறிய ஆய்வில், அப்படித் தேறி வந்தவர்களுக்கு மருந்தை மெதுவாக நிறுத்திப் பார்த்தார்கள். 6 மாதத்துக்குள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மறுபடி இதயம் தளர்ந்தது. மருந்து போடுவதால்தான் 50.

நிறுத்த வேண்டிய நாளும் ஒன்று உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் பெரிண்டோப்ரில் வகை, ஸ்பைரோனோலேக்டோன், தண்ணி மாத்திரை, டபாக்ளிஃப்ளோசின் நான்கும் சிறுநீரகத்துக்குச் சுமை. அன்றே கிளினிக்கைக் கேட்டு நிறுத்தி வைத்து, சரியாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி தொடங்க வேண்டும். பிசோப்ரோலோலைத் தானாக நிறுத்தக் கூடாது. சஷ்டி, தைப்பூச விரதம் முழுப் பட்டினியாக இருப்பவர்கள் டபாக்ளிஃப்ளோசின் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைப்பது அவசியம், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள். சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு இருந்தால் ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.