மலை ஜீப்புக்கு டீசல்

ரிட்டயர் ஆகி நாலு வருடம் ஆகிறது. இன்னும் பொங்கல் முடிந்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். சுகாதாரத் துறையில் மாவட்ட அளவிலான ஓர் அலுவலகத்தில் பட்ஜெட் ஒதுக்கீட்டு வேலை பார்த்தவள் நான். ஜனவரியும் பிப்ரவரியும் எங்களுக்குக் கணக்கு எழுதுகிற மாதங்கள் அல்ல, கெஞ்சுகிற மாதங்கள்.

வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டமன்றத்தில் நிறைவேறும் மானியக் கோரிக்கை எண் 19 தெரியும். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு இத்தனை கோடி என்று பேப்பரில் வரும். அந்தக் கோடி உடைந்து உடைந்து, ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சம்பளம், பயணப்படி, மின் கட்டணம், டீசல் என்று தலைப்பு வாரியாக வந்து சேரும்போது சில ஆயிரங்கள் ஆகியிருக்கும். அந்த ஆயிரங்கள்தான் வரம்பு. அதைத் தாண்டினால் கருவூலத்தில் பில் திரும்பும்.

2013-14 என்று நினைவு. எங்கள் மாவட்டத்தில் மலை மேல் ஒரு நிலையம். டீசலுக்கு அந்த வருடம் 60,000 ரூபாய்தான் வந்திருந்தது. ஏன் என்று பார்த்தால், முந்தின வருடம் அவர்கள் செலவே 58,000தான். ஜீப் நாலு மாதம் பணிமனையில் கிடந்தது. ஓடாத ஜீப்புக்கு யார் டீசல் போடுவார்கள்? ஆனால் மேலே போகிற படிவத்தில் 'முந்தைய ஆண்டுச் செலவு' என்று ஒரு கட்டம் உண்டு, 'ஜீப் ஏன் ஓடவில்லை' என்ற கட்டம் கிடையாது.

மாதம் 7,500 ஆகும் ஜீப். நவம்பரோடு பணம் தீர்ந்தது. அந்த ஜனவரியில்தான் டீசல் விலையை மாதாமாதம் லிட்டருக்கு 50 பைசா வரை ஏற்றிக்கொள்ள எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டிரைவர் பங்க்கில் கடன் சொல்லி இரண்டு வாரம் ஓட்டினார். ஒதுக்கீடு இல்லாமல் கடன் வைப்பதே விதிமீறல், எனக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். பிறகு பங்க்காரர் கையை விரித்தார். புதன்கிழமை தடுப்பூசி நாள். நர்ஸ் அம்மாக்கள் வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பஸ் போகாத ஊர்களுக்கு? நடைதான்.

மின் கட்டணத்தில் மிச்சம் இருந்தது. ஆனால் ஒரு தலைப்பில் இருப்பதை இன்னொரு தலைப்புக்கு மாற்ற நிதி மறு ஒதுக்க ஆணை வேண்டும். அது வருவதற்குள் மார்ச் 31 வந்து நிதியாண்டே முடிந்துவிடும். ஒரே தலைப்புக்குள் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சுலபம். அதனால் சமவெளியில் டீசலில் 40,000 மிச்சம் வைத்திருந்த ஒரு வட்டாரத்துக்குப் போன் போட்டேன். அங்கே கண்காணிப்பாளர், சர்வீஸில் என்னைவிட மூத்தவர்.

"முப்பதாயிரம் விட்டுக் கொடுங்க சார், மலைக்கு அனுப்பணும்."

"கொடுத்துடலாம் மேடம். அடுத்த வருஷம் எனக்குத் தேவையில்லைன்னு அதையும் வெட்டிடுவாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

நான் வாக்குக் கொடுத்தேன். மேலே போகிற படிவத்தின் குறிப்பு கலத்தில் என் கையாலேயே எழுதினேன்: 'தேவையின்மையால் அல்ல, மலைப்பகுதி நிலையத்துக்கு மாற்றியதால் குறைவு.' சென்னையிலிருந்து ஆணை பிப்ரவரி கடைசியில் வந்தது. ஜீப் மார்ச் ஒரு மாதம் நன்றாக ஓடியது. பங்க் கடனும் ஒருவழியாகத் தீர்ந்தது, எப்படி என்று கேட்காதீர்கள்.

அடுத்த வருட ஒதுக்கீடு வந்தது. சமவெளிக்கு டீசலில் சரியாக 30,000 வெட்டு. குறிப்பு கலத்தை யாரும் படித்திருக்கவில்லை.

மத்திய அரசில் கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேல், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதம் அள்ளி இறைப்பதைத் தடுக்கவாம். இறைப்பது ஏன் என்று அந்தச் சமவெளிக் கண்காணிப்பாளரைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்: மிச்சம் பிடித்தவனுக்கு வெட்டு, தீர்த்தவனுக்கு அதே அளவு. இப்போது ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்று மாநில அரசின் நிதிக் கணினி முறை வந்துவிட்டது, ஒதுக்கீடு இல்லையென்றால் கம்ப்யூட்டரிலேயே பில் ஏறாது என்கிறார்கள் அலுவலகப் பிள்ளைகள். சரி. குறிப்பு கலத்தை அது படிக்கிறதா என்று கேட்டேன், சிரித்தார்கள்.

வெட்டு விழுந்த அந்த வருடம் ஜனவரியில் மறுபடி அந்தக் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தேன். மிச்சம் எவ்வளவு சார் என்றேன்.

"நில் பேலன்ஸ் மேடம்," என்றார். "டிசம்பர்லயே சுத்தமா முடிச்சாச்சு."

கோபம் கொஞ்சமும் இல்லாத குரல். பேச்சை மாற்றி, மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்து சேர்ந்ததா என்று கேட்டார்.