சுண்டாமல் இருக்கப் பழகுவது

தாமிரபரணிக் கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவனுக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: தக்கை முங்கினால் சுண்டு. யோசிக்காதே, சுண்டு. குறுக்குத்துறையில் பள்ளிக்கூட லீவு நாள் பூராவும் தங்கூசி நரம்பும் மண்புழுவுமாக உட்கார்ந்து, கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகிய கை இது. அந்தக் கை இருபத்தைந்து வருடம் கழித்து யார்க்‌ஷயரில், வார்ஃப் ஆற்றில், என் மானத்தை எப்படி வாங்கியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

வேலை லீட்ஸில். அங்கிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் பர்ன்சால் பக்கம் வார்ஃப் வந்துவிடும். மழை பெய்தால் மேலே கரிச்சதுப்பு நிலத்திலிருந்து தண்ணீர் இறங்கி ஆறு முழுக்கக் கட்டங்காப்பி நிறத்தில் ஓடும், இரண்டு நாள் போனால் தெளிந்துவிடும். இங்கே ட்ரவுட் மீன் பிடிக்க மண்புழு கிடையாது, ஃப்ளைதான். அதாவது முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. மிதக்கிற ட்ரை ஃப்ளைக்குத்தான் உலகத்தில் பேரும் புகழும். ஆனால் ட்ரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே முடித்துக்கொள்கிறது. அதற்குத்தான் வெட் ஃப்ளை. அதிலும் இந்த வட இங்கிலாந்துப் பக்கத்து வகைக்கு ஸ்பைடர் என்று பெயர், சிலந்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும்.

நான் முதலில் கட்டிப் பழகியது பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் என்கிற ஸ்பைடர். 14-ஆம் நம்பர் முள் (நம்பர் கூடக்கூட முள் சின்னதாகும், இது புரியாமல் முதல் தடவை கடையில் திருதிருவென்று முழித்தேன்), ஆரஞ்சுப் பட்டு நூல், கொஞ்சம் தேன்மெழுகு, கௌதாரி முதுகில் இருக்கும் புள்ளி போட்ட பழுப்பு இறகு ஒன்று. தீர்ந்தது சாமான் பட்டியல். நூலை மெழுகில் இழுத்து, முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கோக்கிற துளைக்கு) பக்கத்தில் ஆரம்பித்து, முள் நுனிக்கு நேர் மேலே வரைக்கும் நெருக்கமாகச் சுற்றி, திரும்பவும் கண்ணுக்கு வர வேண்டும். அதற்கு மேல் பின்னால் போகக் கூடாது. அப்புறம் இறகின் அடியில் இருக்கும் பஞ்சை உரித்துவிட்டுக் கட்டி, முள்ளைச் சுற்றி இரண்டே சுற்று. முடிச்சு. அவ்வளவுதான். நனைந்தவுடன் பட்டு கறுத்து, அடியில் இருக்கும் முள்ளின் நிறமும் சேர்ந்து தெரிய, கடையில் பளபளத்த ஆரஞ்சு ஒரு உயிருள்ள பழுப்பாக மாறிவிடும். மஞ்சள் பட்டைச் செருப்புத் தைக்கிறவர்களின் கருமெழுகில் இழுத்தால் ஆலிவ் பச்சை வரும். இதையெல்லாம் யாரோ நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே உட்கார்ந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டே சுற்று என்று எழுதிவிட்டேன், செய்யத்தான் மனசு வரவில்லை. காசு கொடுத்து வாங்கின இறகை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஐந்து சுற்று சுற்றினேன், உடம்புக்கு நூலையும் மூன்று அடுக்காக ஏற்றினேன். டப்பா நிறையக் குண்டு குண்டாக, எனக்கே பெருமையாக இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷா இது?" என்றார். சிரிக்காமல் கேட்டார், அதுதான் வலித்தது. அவருடைய டப்பாவைத் திறந்து காட்டினார். பாதியிலேயே கட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனது போல இருந்தது ஒவ்வொன்றும்.

விஷயம் இதுதான். மாதக்கணக்கில் ஆற்றின் கல்லுக்கடியில் கிடந்த பூச்சி, சிறகு விரிக்க மேலே ஏறி வரும்போது தண்ணீர்த் தோலைக் கிழிக்க முடியாமல் கொஞ்ச நேரம் தத்தளிக்கும். ட்ரவுட்டுக்கு அது சுலபமான வேட்டை. மெல்லிய இறகு இழைகள் கொஞ்சமாக இருந்தால்தான் நீரோட்டத்தில் விரிந்து மூடி அந்தத் தத்தளிப்பைக் காட்டும். அடர்த்தியாகச் சுற்றினால் இழைகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து விறைத்து நின்றுவிடும்.

இறகு என்றதும் இன்னொன்று. இங்கே கடைகளில் ஜங்கிள் காக் என்று பொன்னைப் போல விற்கும் கழுத்திறகு வேறு எதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச் சேவலுடையதுதான். அந்த மினுங்கும் பொட்டுக்காக ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து கழுத்துத் தோலோடு ஏற்றுமதி ஆனது. இப்போது அங்கே அதை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம், இங்கே கூண்டில் வளர்த்து இறகு எடுக்கிறார்கள். சின்ன வயதில் பாபநாசம் மேலே கூவக் கேட்ட பறவை, லீட்ஸில் பிளாஸ்டிக் பைக்குள் விலைச்சீட்டோடு தொங்கியதைப் பார்த்து ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நான் அதை வாங்குவதில்லை, ஸ்பைடருக்கு அது தேவையும் இல்லை.

சரி, ஆற்றுக்கு வருவோம். ஏப்ரல் குளிரில் காலையிலேயே போய் நடுங்கிப் பிரயோஜனமில்லை. பூச்சி எழும்புவது மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்கும்தான். ஒரே நரம்பில் மூன்று அடி இடைவெளியில் மூன்று ஃப்ளை. எதிர்க்கரைப் பக்கம், நீரோட்டம் போகிற கீழ்த்திசையில் கொஞ்சம் சாய்வாக வீசி, லைன் வளைந்து வேகமாக இழுபடாமல் இருக்க அதை மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, மெதுவாகக் குறுக்கே நீந்தி வர விட வேண்டும். அந்த வீச்சு முடிகிற இடத்தில் ஃப்ளை மேலே எழும்பும், அங்கேதான் மீன் அடிக்கும். விரலில் கரண்ட் மாதிரி ஒரு வெட்டு. நான் சுண்டினேன். போச்சு.

அன்று மதியம் இப்படி ஐந்து. லைன் இறுக்கமாக இருக்கும்போது மீன் நீரோட்டத்தில் நமக்கு நேர் கீழ்ப்பக்கம், வாயை நம் பக்கம் வைத்துக்கொண்டு இருக்கிறது. சுண்டினால் வாயிலிருந்து வெளியேதான் வரும். அது கவ்விக்கொண்டு திரும்பினால் முள் தானாகவே வாயோரத்தில் ஏறிவிடும். அதற்குக் கைக்கும் ரீலுக்கும் நடுவில் கொஞ்சம் லைனைத் தளர்வாக விரலில் பிடித்திருந்து, இழுக்கும்போது விட்டுவிட வேண்டும். கொடுக்க வேண்டும், பறிக்கக் கூடாது. சொல்ல எளிது. என் தோளுக்கு இதைப் புரியவைக்க இரண்டு சீசன் ஆனது. வாய்விட்டு "சுண்டாதே, சுண்டாதே" என்று தமிழில் முணுமுணுத்தபடி நின்றிருக்கிறேன், கடந்து போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

அப்புறம்தான் ஸ்டுவர்ட்டைப் பற்றித் தெரிந்தது. தூண்டில் மீன்பிடிப்பு பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்காட்லாந்துக்காரர். கீழ்நோக்கி வீசுகிறவர்களை 1857-லேயே கடிந்து எழுதியவர். மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிறது, அதன் பின்னால் இருந்து மேல்நோக்கி வீசினால் உன்னைப் பார்க்காது என்பது அவர் கட்சி. முயன்று பார்த்தேன். குட்டையான லைன், வீசிய நொடியிலேயே ஃப்ளை நம்மை நோக்கி மிதந்து திரும்பிவிடும், கையில் எதுவும் தட்டுப்படாது, லைன் நுனி இம்மி நின்றது போல இருக்கும், அந்தக் கணத்தில் சுண்டவில்லை என்றால் மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

அதாவது தக்கை முங்கினால் சுண்டு.

முதல் அரை மணியில் இரண்டு, பழுப்பு ட்ரவுட், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், சிவப்புப் புள்ளிகளோடு. முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கியிருந்ததால் தண்ணீருக்குள்ளேயே கழற்றி விட்டேன். அம்மாவிடம் போனில் சந்தோஷமாகச் சொன்னால், "பிடிச்ச மீன திரும்ப ஆத்துல விடுததுக்கா அவ்வளவு துட்டு கட்டுத?" என்றாள். லைசென்ஸ் கட்டணம் எவ்வளவு என்பதை இன்னும் சொல்லவில்லை.

இங்கே சீசன் செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது, இனி மார்ச் 25-க்குத்தான். சாப்பாட்டு மேசையில் அந்தப் பழைய பாட்டில் பிரஷ்களைப் பரப்பி, பிளேடால் நூலை வழித்து முள்ளை மட்டும் மீட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை இருபத்திரண்டு தேறியிருக்கிறது, மூன்று என் விரலில்.