பந்து அளவில் ஆறரை சென்டிமீட்டர் பிழை

ஊட்டியில் ஒரு பள்ளித் தாழ்வாரம். சுவரில் இரண்டு தையல் டேப்பை ஒட்டி, ஸ்டூல் மேல் நின்று டென்னிஸ் பந்து எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்க அதை 200 செ.மீ. உயரத்திலிருந்து விட்டாள் ஒரு மாணவி.

"நூத்திப் பதினாறரை!"

இல்லை, 110தான். விடும்போது பந்தின் அடியைப் பார்த்தவர்கள், எழும்பியபோது உச்சியைப் படித்துவிட்டார்கள். பந்தின் குறுக்களவே ஆறரை செ.மீ.

இரண்டு முறையும் அடியைத்தான் படிக்கணும். போனை அந்த 110 உயரத்திலேயே நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுக்கணும். கீழேயிருந்து எடுத்தால் அளவு கூடிக் காட்டும்.

110ஐ 200ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.74. மோதிய வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மிச்சம்.

ராத்திரி பனியில் கிடந்த பந்து இவ்வளவு எழும்பாது. குளிர்ந்த ரப்பர் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தராமல் உள்ளேயே வெப்பமாக்கிவிடும். அதனால் பந்துகளை ஒரு மணி நேரமாவது ஒரே அறையில் வைத்துவிட்டுத் தொடங்கணும்.

இங்கே காற்றடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இரண்டு மீட்டர் விழுவதில் அதன் பாதிப்பு ஒரு சென்டிமீட்டர் சுற்றித்தான்.

ஆனால் டப்பா உடைத்த புதுப் பந்து? வெளியழுத்தம் குறைவதால் உள்ளே அடைத்த காற்று ரப்பரை இன்னும் விறைப்பாக்கும், பந்து கூடுதலாக எழும்பும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1,219 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களுக்குத் தனிப் பந்தே வகுத்திருக்கிறது!

இதே பந்தை மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்திலும் விட்டுப் பார்க்கட்டும். தரை மாறினால் கணக்கே மாறும். அதனால் ஒரு கடப்பாக்கல் துண்டையும் கூடவே கொண்டுபோய், இரண்டு ஊரிலும் அதன் மேலேயே பந்தை விடணும்.