அச்சின் முதுகு

அருங்காட்சியகக் கிடங்கில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, எகிப்திய அச்சுகளைப் படமெடுத்துப் பதிவு செய்வது. பசையைக் குழிக்குள் அழுத்திச் சிறு உருவங்கள் எடுக்கும் சுட்ட களிமண் அச்சுகள். உள்ளங்கையில் மூன்று நான்கு அடங்கிவிடும். எல்லாம் அமர்னாவிலிருந்து வந்தவை. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னர் அகெனாதென் எழுப்பிய தலைநகரம் அது. அவர் இறந்த சில ஆண்டுகளில் வெறிச்சோடிப் போனது. 1891-92இல் அங்கே தோண்டிய தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, சாதாரணமானவற்றைக் கழித்த பிறகும் ஏறத்தாழ 5,000 அச்சுகளைக் கொண்டுவந்தார்.

முதல் வாரம் எடுத்த படங்கள் அத்தனையும் வீணாயின. விளக்கைக் கீழ்ப்பக்கம் வைத்திருந்தேன். திரையில் பார்த்தால் குழிகளெல்லாம் மேடாகத் தெரிந்தன. திராட்சைக் குலை புடைத்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து விழுந்தால்தான் கண் குழியைக் குழியாக எடுத்துக்கொள்ளும் என்று மூத்த சக ஊழியர் சொல்லித் தந்தார். சரி, மறுபடி முதலிலிருந்து.

அந்தக் குழிக்குள் அழுத்தியது ஃபையன்ஸ் பசை. பொடித்த படிகக்கல், கொஞ்சம் சுண்ணாம்பு, காரச் சாம்பல் அல்லது நேட்ரான் என்ற இயற்கை உப்பு, நீலப்பச்சை வேண்டுமென்றால் செம்பு. காய்கிறபோது உப்பு தானாக மேலே பூத்துவரும். சூளையில் அதுவே உருகிக் கண்ணாடிபோலப் பளபளக்கும். இப்படித்தான் மோதிரமும் பதக்கமும் செய்தார்கள், சுவரில் பதிக்கும் பூக்களையும் செய்தார்கள். மஞ்சள் நடுவோடு தனியே வார்த்த வெள்ளைப் பூக்களைப் பச்சை ஓடுகளின் குழிகளில் பொருத்தினால் அரண்மனைச் சுவரில் புல்வெளி வந்துவிடும். எனக்கு இதைவிட அழகான சுவர் தெரியாது. ஒரு அச்சின் இதழ் நுனியில் வெளிறிய பசை இன்னும் ஒட்டியிருந்தது. தூரிகையைக்கூடக் கிட்டே கொண்டுபோகவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பின்பக்கம்தான். மாதிரி உருவத்தின் மேல் களிமண்ணை வைத்து அமுக்கியவரின் விரல் பள்ளங்கள் அப்படியே இருந்தன. சிலவற்றில் ரேகைகூடத் தெரிந்தது. எங்கள் பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம், அதுவும் முன்பக்கத்துக்கு. ராஜா வீட்டுப் பூவுக்கு இடம் இருக்கிறது, அதைச் செய்த கைக்கு இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்டேன். வேலை இரண்டு மடங்காகும் என்று தயங்கினார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே முதல் பெட்டியைத் திரும்ப இறக்கி, ஒவ்வொரு அச்சையும் கவிழ்த்து வைத்து எடுக்க ஆரம்பித்தேன்.