பழைய மணல் அங்கேயே இருக்கட்டும்: 200 லிட்டர் ரீஃபை 450 லிட்டருக்கு மாற்றிய விதம்

பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் தொட்டியை மாற்றினால் சைக்கிள், அதாவது பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் சுழற்சி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று பலருக்குப் பயம். அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா பெரும்பாலும் லைவ் ராக்கில்தான் (உயிர்கள் படிந்த நுண்துளைக் கல்) குடியிருக்கிறது, தண்ணீரில் இருப்பது சொற்பம். ராக் நனைந்தபடியே போய்ச் சேர்ந்தால் சைக்கிளும் கூடவே வந்துவிடும். மாற்றிய மறுநாள் அம்மோனியா எகிறுவதற்குப் பெரும்பாலும் மணல்தான் காரணம். அடியில் வருடக்கணக்காகப் படிந்த கழிவு, கிளறியதும் மொத்தமாக வெளியே வரும். கறுப்புத் திட்டு தெரிந்தால் அழுகிய முட்டை நாற்றமும் வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. பழையதையே அலசிப் போடலாமே என்றால், நன்றாக அலசினால் பாக்டீரியா போய்விடும், அரைகுறையாக அலசினால் கழிவு நின்றுவிடும். அதனால் புது மணல் 40 கிலோ எடுத்துக் கலங்கல் நிற்கும்வரை அலசினோம், கடைசி அலசல் ஆர்ஓ தண்ணீரில். பாக்டீரியா விதைக்காகப் பழைய மணலின் மேல்பரப்பிலிருந்து ஒரு டம்ளர் மட்டும்.

புதுத் தொட்டி வேறு இடத்தில் நின்றதால் பாதி வேலை முன்கூட்டியே முடிந்தது. ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, வெறும் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் விட்டோம். நிறைந்த பிறகு எடை அரை டன்னைத் தொடும், அப்புறம் ஒரு நூல்கூட நகர்த்த முடியாது. அந்த வெறும் தண்ணீரிலேயே, சம்ப்பிலிருந்து (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை ஓடவிட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து இறங்கும் தண்ணீர் சம்ப்பில் அடங்கினால், ஓடும்போதைய மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கரன்ட் போகும் நாளில் தரை நனையாமல் காப்பது அந்தக் கோடுதான்.

அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, காய்ந்த புது அடிக்கற்களைக் கண்ணாடிமேல் நேரடியாக வைத்து, அதைச் சுற்றித்தான் மணல். மணல்மேல் கல் அடுக்கினால் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டி மொத்தத்தையும் சாய்த்துவிடும். பிறகு 340 லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணீர் (ஆர்ஓவுக்குப் பின் மிச்ச அயனிகளையும் நீக்கியது), லிட்டருக்குச் சுமார் 37 கிராம் கணக்கில் பன்னிரண்டரைக் கிலோ ரீஃப் தொட்டிக்கான கடல் உப்புக் கலவை. மணலும் கல்லும் உள்ளே இருக்கும்போது உப்பை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. டிரம்மில் தவணை தவணையாகக் கரைத்து ஊற்றி, ஹீட்டரும் வேவ்மேக்கரும் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) போட்டு இரண்டு நாள் ஓடவிட்டோம். ஒப்படர்த்தி 1.026, வெப்பம் 25.5 டிகிரி, இரண்டு தொட்டியிலும் ஒன்றுபோல.

உப்பளவு சரியாக இருந்தாலும் அல்கலினிட்டி (தண்ணீரின் கார்பனேட் அளவு, டிகேஹெச் அதன் அலகு) காலை வாரிவிடும். பழைய தொட்டியில் 8 டிகேஹெச், புது உப்பு கரைந்ததும் 11. பழைய தண்ணீர் 100 லிட்டரைக் கலந்தாலும் மொத்தம் 10.3-க்கு வந்து நிற்கும். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் ஏறினால் அக்ரோபோரா பவளத்தின் நுனி வெளுத்துக் கருகும், நைட்ரேட் குறைவான தொட்டியில் இன்னும் மோசம். மாற்றும் நாளில் இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. அதற்கு முன்பே பழைய தொட்டியை நாளுக்கு 0.5 வீதம் நான்கைந்து நாளில் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அன்றைய வரிசை முக்கியம். முதலில் ஹீட்டரை அணைத்து ஆறவிட வேண்டும், சூடான ஹீட்டர் தண்ணீருக்கு மேலே வந்தால் வெடிக்கும். எதையும் தொடுவதற்கு முன், தெளிந்த தண்ணீர் 100 லிட்டரைக் குழாய் போட்டுப் புதுத் தொட்டிக்கு இறக்கியாயிற்று. அடுத்து பவளங்கள், தனித்தனி டப்பாக்களில். டார்ச், ஹாமர் வகைப் பவளங்கள் பக்கத்தில் இருப்பதைக் கொட்டும். ஸோயாந்திட் (பவளத்தின் உறவான சிறு உயிர்) ஒட்டிய கல்லைத் தொட கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். அதிலிருக்கக்கூடிய பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் விளையாட்டல்ல, அந்தக் கல்லைத் தேய்க்கவோ வெந்நீரில் போடவோ கூடாது. அனிமோனைப் (கடல் சாமந்தி) பிய்க்காமல் கல்லோடு எடுங்கள், பாதம் கிழிந்தால் பிழைப்பது கடினம். புது இடத்தில் அது ஊர்ந்துபோய் வேவ்மேக்கரில் சிக்கும் என்பதால் உறிஞ்சும் பக்கத்துக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டிருந்தோம்.

கற்களைப் பழைய தண்ணீர் வாளியில் முக்கி, இரண்டு உலுக்கு உலுக்கி, நேரே புதுத் தொட்டிக்கு. வாளியில் உதிரும் சேற்றைப் பார்த்தால் இந்த உலுக்கல் எதற்கு என்று புரியும். கடற்பஞ்சு ஒட்டிய கல்லை மட்டும் வாளியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அதற்குள்ளேயே எடுக்க வேண்டும், காற்றுப் பட்டால் அழுகும். பொந்துள்ள கல்லைத் தூக்கியதும் தண்ணீர் வடியும்வரை சாய்த்துப் பிடியுங்கள், பிளென்னி மீனும் இறாலும் கடைசிச் சொட்டோடுதான் விழும்.

மீன்கள் கடைசி. கல் இருக்கும்போது வலையோடு துரத்துவது வெட்டி வேலை. நாலு விரல்கடை தண்ணீர் மிஞ்சும்போது ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். எண்ணிக்கை குறைந்தால் ராஸ் மீன் மணலுக்குள் புதைந்திருக்கும், விரலால் மெதுவாகத் துழாவ வேண்டும். வாளிக்கு மூடி கட்டாயம்.

மூடிய வாளியில் மீனின் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கும். அந்த நிலையில் அம்மோனியா பெரும்பகுதி அம்மோனியமாக இருப்பதால் அதிகம் தாக்காது. அதில் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விட்டால் பிஹெச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகும். இரண்டு பக்கமும் உப்பும் வெப்பமும் ஒன்றாக இருந்ததால், மீனை மட்டும் எடுத்து விட்டு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டோம்.

புதுத் தொட்டியின் விளக்கு பழையதைவிட உரத்தது. பாதி ஒளியில் தொடங்கி மூன்று வாரத்தில் ஏற்றினோம், முழுசாகப் போட்டிருந்தால் பவளம் வெளுத்திருக்கும். ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) முதல் சில நாள் நுரையைக் கொப்பளிக்கும், கோப்பையை உயர்த்திவைத்தால் போதும். இரண்டாம் வாரம் மணல் பழுப்பாவது டையாட்டம் என்ற பாசியால், சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போய்விடும். கவனிக்க வேண்டியது பாஸ்பேட். காய்ந்த புதுக் கற்கள் அதை உறிஞ்சிக்கொண்டு பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்ப் படலம்) பிடிக்கும், அதை விரட்ட மாதக்கணக்காகும். அதனால் தீனியைக் குறைக்காமல் இருந்தோம்.

தண்ணீர் இரண்டு மடங்காயிற்றே என்று டோசிங்கையும் (பவளத்துக்காகத் தினம் ஊற்றும் அல்கலினிட்டிக் கரைசல்) இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். குடிக்கும் பவளம் அதே பவளம்தான். தினம் 30 மில்லி போயிருந்தால் இங்கேயும் அதே 30 மில்லி, முதல் வாரம் தினமும் அல்கலினிட்டி பார்த்து அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.